பூண்டுக்காடும் பத்தாம் வகுப்பும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு இந்தப் பனியிலும் மந்தையில் உட்கார்ந்திருக்கிற எங்கள் கொடைக்கானல் மேல்மலை மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

‘மலைக் கிராமத்துப் பிள்ளைகள் படிப்பில் உயரப் பெரிதும் காரணம் பள்ளிக்கூடமா, ஊரா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஊர்தான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா, ‘இந்த மலையில் ஊர் பல தலைமுறையாக இருக்கிறது, ஆனால் பள்ளிக்கூடம் வந்த பிறகுதானே ஒரு பட்டதாரி வந்தான்?’ என்று ஒரு போடு போட்டார். நானும் கை தட்டினேன். நல்ல அடிக்குக் கை தட்டாவிட்டால் அப்புறம் பட்டிமன்றம் எதற்கு?

சரி ஐயா, அந்தப் பள்ளிக்கூடம் மட்டும் எப்படி வந்தது? காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956-ல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் அந்த அடுப்பு எரிந்தது ஊர்க்காரர்கள் கொடுத்த அரிசியிலும் பருப்பிலும் காசிலும்தான். அரசு மானியம் அதற்குப் பின்னால் வந்து சேர்ந்தது. அப்புறம் 1958-ல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய், ‘உங்கள் பள்ளிக்கு என்ன தருவீர்கள்?’ என்று கேட்க வைத்தார். ஒருவர் பெஞ்சு கொடுத்தார், ஒருவர் கடிகாரம் கொடுத்தார், இன்னொருவர் இடத்தையே எழுதிக் கொடுத்தார். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் வளர்ந்த கதையைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே ஊர் நிற்கிறது. எதிரணி இரண்டாம் பக்கத்திலிருந்து படிக்கிறது, அவ்வளவுதான்.

பழங்கதை போதும். இந்த மலைக்கு வருவோம்.

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று போகிற பாதை உங்களுக்குத் தெரியும். காற்று மழைக் காலத்தில் ராத்திரியில் ஒரு மரம் சாய்ந்தால், காலை பஸ் அந்த மரத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும். பஸ்ஸுக்குள் யார்? எங்கள் டீச்சர். மரத்துக்கு இந்தப் பக்கம் யார்? கோடரியும் ரம்பமும் வைத்துக்கொண்டு நாலு பேர். அரசுத் துறையிலிருந்து ஆள் வரும், வராமல் இருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் வருவதற்குள் முதல் இரண்டு பாடவேளை போய்விடும். அன்றைக்கு டீச்சர் ஒன்பதரை மணிக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார் என்றால், அந்தக் கையெழுத்துக்குப் பக்கத்தில் கோடரி பிடித்த கையின் ரேகையும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது.

இரண்டாவதாகப் பேசிய தங்கை அரசு கொடுப்பதையெல்லாம் பட்டியல் போட்டது. புத்தகம், ஸ்வெட்டர், மழைக்கோட்டு, பூட்ஸ், சைக்கிள். நான் மறுக்கவில்லை, நானும் அந்த ஸ்வெட்டரைப் போட்டு வளர்ந்தவள்தான். ஆனால் அந்த சைக்கிளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. எங்கள் ஏற்றத்தில் அதை ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? போகும்போது நாம் அதைத் தள்ள வேண்டும், வரும்போது அது நம்மைத் தள்ளும். (நடுவர் சிரிக்கிறார், அவருக்கும் அனுபவம் இருக்கிறது போல.)

காலை உணவுத் திட்டத்தையும் தங்கை சொன்னது. 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த திட்டம். அருமையான திட்டம். அந்த உப்புமாவைக் கிண்டுவது யார்? மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து ஆள் எடுக்கிறார்கள். அதே பள்ளியில் அந்தப் பெண்ணின் பிள்ளை படிக்க வேண்டும் என்பது விதி. ஏன் அப்படி ஒரு விதி வைத்தார்கள்? தன் பிள்ளையும் சாப்பிடுகிற பாத்திரத்தில் எந்தத் தாயும் கரண்டியைக் கவனமில்லாமல் போட மாட்டாள் என்று திட்டம் போட்டவருக்குத் தெரிந்திருக்கிறது. பணம் கோட்டையிலிருந்து வரட்டும். விடியற்காலையில் குளிரில் விரல் விறைக்க விறைக்க அடுப்புப் பற்ற வைக்க ஊரிலிருந்துதான் ஒருத்தி எழுந்து வர வேண்டும்.

இப்போது ஒரு கணக்கு. இந்த மலைக்கே உரிய கணக்கு.

2018-ல் நம் மலையில் குறிஞ்சி பூத்தது நினைவிருக்கும். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. அடுத்தது 2030. அந்த 2018 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, 2030-ல் குறிஞ்சி திரும்பப் பூக்கும்போது பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருக்கும். ஒரு குறிஞ்சிக்கும் அடுத்த குறிஞ்சிக்கும் நடுவில் சரியாக ஒரு பள்ளி வாழ்க்கை. இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அந்தப் பிள்ளைக்கு எத்தனை ஆசிரியர் மாறுவார்கள்? பணிமாறுதல் கலந்தாய்வு வந்தால், கீழே வத்தலக்குண்டு பக்கமோ பெரியகுளம் பக்கமோ இடம் கிடைத்தால், அவர்கள் போவார்கள். போகட்டும், அவர்களுக்கும் வயதான அப்பா அம்மா இருக்கிறார்கள், அவர்களுக்கும் பிள்ளைகள் படிக்க வேண்டும். நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வருஷமும் மாறாமல் இருந்தது எது என்று மட்டும் கேட்கிறேன்.

அதே பிள்ளைதான் இரண்டாம் வகுப்பு முடிக்கும் நேரத்தில், 2020 மார்ச்சில், கொரோனா வந்து பள்ளிக் கதவு மூடியது. தொடக்கப் பள்ளி மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ல். அப்போது அது நான்காம் வகுப்பு. மூன்றாம் வகுப்பு என்று ஒன்றை அது கண்ணாலேயே பார்க்கவில்லை! கல்வித் தொலைக்காட்சி ஓடியது, போனில் பாடம் வந்தது. எங்கள் ஊரில் சிக்னல் வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏற வேண்டும். ஏறினார்கள். ஒரு போன், அதைச் சுற்றி ஏழு தலை. அதைப் பிடித்துக்கொண்டு நின்றது கல்லூரி மூடி வீட்டுக்கு வந்திருந்த எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். அவளுக்கு யாரும் நியமன ஆணை கொடுக்கவில்லை.

அந்த 2021 அக்டோபரில் அரசே என்ன செய்தது? ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று தொடங்கியது. சாயங்காலம் ஒன்று, ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் தன்னார்வலர்கள் வேண்டும் என்று ஊர்க்காரர்களைக் கேட்டது. நடுவர் அவர்களே, பள்ளிக்கூடம் விட்டுப்போனதைப் பிடிக்க அரசு யாரைத் தேடி வந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

‘உங்கள் ஊர்தானே பிள்ளையைப் பூண்டு பிடுங்க நிறுத்துகிறது?’ என்று தலைமையாசிரியர் ஐயா கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு வந்ததென்று பெருமைப்படுகிறோம். அந்தப் பூண்டு மண்ணிலிருந்து வந்து, காய்ந்து, மூட்டையாகி, வடுகபட்டிச் சந்தைக்குப் போகிறவரை எத்தனை சின்ன விரல்கள் பட்டிருக்கின்றன என்று குறியீட்டில் எழுதுவதில்லை. நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் அப்பா என்னை நிறுத்தினார். மூன்று வாரம். பள்ளியில் என் பெயருக்கு நேராக ‘வரவில்லை’ என்று எழுதினார்கள், எழுதிக்கொண்டே இருந்தார்கள். வீட்டுக்கு வந்து கேட்க அப்போது யாருக்கும் நேரமில்லை. அது எந்தப் பள்ளி, யார் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை.

வந்து கேட்டது எதிர்வீட்டுப் பெரியம்மா. எழுத்து வாசனை இல்லாதவர். காட்டு வரப்பில் நின்றுகொண்டு எங்கள் அப்பாவைப் பார்த்து, ‘ஏன்டா, இவ பங்குக்கு நான் பிடுங்குறேன். நாளைக்கு என் காட்டுக்கு உன் பொண்டாட்டிய அனுப்பு. புள்ளைய விடு’ என்றார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலையைப் பார்த்தார். மறுநாள் காலையில் என் பையைக் காணோம் என்று தேடினால், அது கழுவித் துடைத்து வாசல் ஆணியில் தொங்கியது. அதைச் செய்தது யார் என்று இன்றுவரை அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

ஆமாம், நிறுத்தியதும் ஊர்தான். மறுபடி அனுப்பியதும் ஊர்தான். ஒரு பிள்ளையை நிறுத்தவும் அனுப்பவும் அதிகாரம் உள்ள இடம் எதுவோ, அதுதானே பெரிய காரணம்? ஐயாவின் கேள்வி என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இதைச் சொன்னால் எங்கள் ஊர்க்காரர்கள் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். என்னோடு ஒன்றாம் வகுப்பில் பளியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து நாலு பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஒருத்தி என்னைவிட வேகமாக வாய்ப்பாடு சொல்வாள். ஐந்தாம் வகுப்போடு நாலு பேரும் நின்றுவிட்டார்கள். அவர்களுக்கும் எனக்கும் ஒரே கட்டடம், ஒரே ஆசிரியர், ஒரே சத்துணவு, ஒரே புத்தகம். அப்படியானால் எது வேறு? எனக்கு வரப்பில் வந்து நிற்க ஒரு பெரியம்மா இருந்தார். தேன் எடுக்கவும் கூலிக்கும் அப்பா அம்மா காட்டுக்குள் போனால், அந்தப் பிள்ளைகளை ‘வா, எங்கள் வீட்டில் இரு, பள்ளிக்குப் போ’ என்று சொல்ல இந்த ஊரில் ஒரு திண்ணை திறக்கவில்லை. ஊர் என்று நாம் சொல்லும்போது அவர்களைச் சேர்த்துச் சொல்லவில்லை. பள்ளிக்கூடம்தான் பெரிய காரணம் என்றால் நாங்கள் ஐந்து பேரும் ஒரே இடத்துக்கல்லவா வந்திருக்க வேண்டும்? இதைவிடப் பெரிய ஆதாரம் என்னிடம் இல்லை. இதைச் சொல்லி ஜெயிப்பதில் எனக்குச் சந்தோஷமும் இல்லை.

நடுவர் மணியைத் தொடுகிறார். சீக்கிரம் சொல்லிவிடுகிறேன்.

எட்டாம் வகுப்பில் ஒரு தேசியத் திறன் தேர்வு இருக்கிறது. ஜெயித்தால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், நாலு வருஷத்துக்கு 48,000. எங்கள் வீடுகளில் அது ஒரு போகத்துக்கு வாங்குகிற கடனை அடைக்கிற காசு. தேர்வு மையம் கொடைக்கானலில். காலையில் நேரத்துக்குப் போய்ச் சேர பஸ்ஸை நம்ப முடியாது. கேரட் ஏற்றப் போகிற ஜீப்பில் மூட்டையைக் குறைத்து, ஆறு பிள்ளைகளை முன்னாலும் பின்னாலும் உட்கார வைத்துக் கூட்டிப்போனார் எங்கள் ஊர் டிரைவர் அண்ணன். வாடகை வாங்கவில்லை. ஆறில் இரண்டு பேர் தேறினார்கள். தேறியவர்கள் பெயர் பள்ளிப் பலகையில் இருக்கிறது, இருக்கட்டும். தேறாத நாலு பேரையும் அன்று சாயங்காலம் அதே ஜீப்பில் டீ வாங்கிக் கொடுத்துத்தான் கூட்டிவந்தார்.

அப்புறம் பத்தாம் வகுப்புத் தேர்வு நேரம். கோயில் சாட்டி, குழாய் ரேடியோ கட்டி, விடிய விடியப் பாட்டுப் போடுகிற ஊர் இது. சாமிக்கே கொஞ்சம் காது வலிக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் தேர்வு முடிகிறவரை குழாய் கட்டக் கூடாது என்று சாவடியில் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். எந்தச் சுற்றறிக்கையும் வரவில்லை. முதல் வருஷம் இளவட்டங்கள் முறைத்தார்கள். அடுத்த வருஷம் அவர்களில் ஒருவனின் தம்பி பத்தாம் வகுப்பு, அவனே வயரைச் சுருட்டி வைத்தான்.

ஆசிரியர் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். அதில் ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ கீழே போனால், மீதி ஒருவர் ஐந்து வகுப்பையும் ஒரே கரும்பலகையில் நடத்துகிறார். அவரைக் கும்பிடுகிறேன். அவர் இங்கே தாக்குப் பிடிக்கிறாரா, ஆறு மாதத்தில் மாறுதல் கேட்கிறாரா என்பது எதைப் பொறுத்தது என்று அவரையே கேளுங்கள். வாடகைக்கு ஒரு வீடு, காய்ச்சல் வந்தால் கஞ்சி, விறகு தீர்ந்தால் கேட்க ஒரு கதவு. அதைப் பாடத்திட்டம் கொடுக்காது.

மணி அடித்துவிட்டார். கடைசி பஸ் இறங்கிப்போய் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது நடுவர் அவர்களே. தலைமையாசிரியர் ஐயா இன்று ராத்திரி யார் வீட்டில் தங்குவது என்று அந்தப் புளியோதரை அண்டாவுக்குப் பக்கத்தில் மூன்று வீட்டுக்காரர்கள் இப்போதே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஐயா, எங்கள் வீட்டில் வெந்நீர் போட்டாயிற்று. நன்றி, வணக்கம்.