மஸ்கோவி வாத்து வளர்க்கிறீர்களா? அமெரிக்கச் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

வணக்கம் மக்களே. அமெரிக்காவில் வீட்டுக் கொல்லையில் மஸ்கோவி வாத்து வளர்க்கிறவர்களும், வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களும் இந்த வீடியோவை முழுசாகப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கோழிக்குஞ்சு வாங்குகிற மாதிரி போய் நாலு மஸ்கோவிக் குஞ்சை வாங்கி வந்துவிடலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் மத்திய அரசின் கணக்கில் இது கோழி இனத்தோடு சேராது, காட்டுப் பறவைகளோடு சேர்ந்துவிடுகிறது.

எப்படி என்று கேட்பீர்கள். 1918இல் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் என்று ஒன்று வந்தது. முதலில் கனடா பக்கம் போய்வரும் பறவைகளுக்காக வந்த சட்டம், அப்புறம் 1936இல் மெக்ஸிகோவோடும் ஒப்பந்தம் போட்டார்கள், அதில் வாத்துக் குடும்பம் மொத்தமும் அடங்கிவிட்டது. மஸ்கோவி வலசை போகிற பறவையே இல்லை, ஆனாலும் அந்தக் குடும்பத்தில் பிறந்த காரணத்தால் உள்ளே வந்துவிட்டது. இதன் பூர்வீகம் மெக்ஸிகோ தொடங்கித் தென் அமெரிக்கா வரைக்கும். அங்கிருந்து 1980களில் கொஞ்சம் பறவைகள் யாரும் கொண்டுவராமல் தானாகவே ரியோ கிராண்டே ஆற்றங்கரையைப் பிடித்து டெக்ஸாஸின் தென்கோடிக்கு வந்து சேர்ந்தன. ஹிடால்கோ, ஸ்டார், ஸபாட்டா என்று மூன்றே மூன்று கவுண்டிகள், அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரி. தானாக வந்த பறவை என்றால் அது இந்த நாட்டுப் பறவைதான், பாதுகாத்தாக வேண்டும், அதனால் 2010 மார்ச் 1ஆம் தேதி ஃபிஷ் அண்ட் வைல்ட்லைஃப் சர்வீஸ், அதாவது மீன் வனவிலங்குத் துறை, மஸ்கோவியைப் பட்டியலில் சேர்த்தது. அதே மாதம் 31ஆம் தேதி அமலுக்கு வந்தது.

இதுவரைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்லை. சிக்கல் இதற்குப் பிறகுதான்.

திரையில் இரண்டு படம் போடுகிறேன், பாருங்கள். இடது பக்கம் இருப்பது காட்டு மஸ்கோவி. உடம்பெல்லாம் கறுப்பு, வெயில் பட்டால் பச்சை மினுமினுப்பு, இறக்கையில் ஒரு வெள்ளைத் திட்டு, மெலிந்த உடம்பு, மனிதர்களைக் கண்டால் பறந்துவிடும். வலது பக்கம் பண்ணை மஸ்கோவி. வெள்ளை, சாக்லேட், சாம்பல், எல்லாம் கலந்தது என்று என்னென்னவோ நிறம். கண்ணைச் சுற்றியும் அலகுக்கு மேலேயும் சிவப்பாகக் கொத்துக் கொத்தாகச் சதை, ஆண் வாத்து சாதாரணமாக 5 கிலோவைத் தாண்டும், பெட்டை அதில் பாதி இருக்கும். கொலம்பஸ் வருவதற்கு வெகுகாலம் முன்பே மத்திய, தென் அமெரிக்கப் பூர்வகுடிகள் இதைப் பழக்கி வீட்டில் வளர்த்திருக்கிறார்கள். பரம்பரை பரம்பரையாக வீட்டில் வளர்ந்த பறவை இது. ஆனால் விதியைப் படித்தால் இடது பக்கப் பறவைக்கும் வலது பக்கப் பறவைக்கும் ஒரே பெயர், ஒரே சட்டம்.

2010 விதி என்ன சொன்னது என்றால், சாப்பாட்டுக்காக விற்பதற்கு வளர்த்தால் வளர்க்கலாம், மற்றபடி உயிருள்ள மஸ்கோவியையோ அதன் முட்டையையோ வைத்திருக்கக் கூடாது. 2010 மார்ச் 31க்கு முன்னால் முறைப்படி வாங்கியிருந்தால் அந்த வாத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம், அனுமதிச் சீட்டு வேண்டாம், ஆனால் அதைக் குஞ்சு பொரிக்க விடக் கூடாது, சாப்பாட்டுக்காகத் தவிர விற்கக் கூடாது, யாருக்கும் கொடுக்கவும் கூடாது. யோசித்துப் பாருங்கள், அன்றைக்கு வாங்கிய வாத்து இன்றைக்கு உயிரோடு இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? ஆசைக்கு வளர்க்கிறவர், கண்காட்சிக்குக் கொண்டுபோகிறவர், ஈ கொசுவைப் பிடிக்கட்டும் என்று தொழுவத்துப் பக்கம் விட்டிருப்பவர், இவர்கள் யாருக்குமே அந்த எழுத்தில் இடம் இல்லை. வளர்ப்பவர்கள் பலமாக எதிர்த்தார்கள், துறையும் விதியைத் திருத்துவது பற்றி மறுபடி யோசிப்பதாகச் சொன்னது.

இதில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று உண்டு. பெக்கின் வாத்து எல்லோருக்கும் தெரியும், வெள்ளை வெளேரென்று இருக்கும். அது யாருடைய வாரிசு? காட்டு மல்லார்ட் வாத்தின் வாரிசு. மல்லார்டும் அதே சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட பறவைதான். ஆனால் பெக்கின் வளர்க்கிறவரிடம் காட்டுப் பறவைச் சட்டத்தைக் காட்டி யாரும் கேள்வி கேட்பதில்லை, ஏனென்றால் அது வீட்டு இனம் என்று பிரித்துப் பார்க்கிறார்கள். பெக்கினுக்குப் பிரிக்க முடிகிறது என்றால் மஸ்கோவிக்கும் பிரிக்கலாமே! நிறத்தைப் பார், எடையைப் பார், முகத்துச் சதையைப் பார், இதைவிடப் பளிச்சென்று வேறுபாடு வேண்டுமா? காட்டு நிறத்திலேயே இருக்கும் பண்ணை வாத்து கொஞ்சம் குழப்பும், உண்மைதான், அதற்கு அடையாளம் போட்டுவிடலாம். மற்ற நீர்ப்பறவைகளைக் கூண்டில் வளர்ப்பவர்களுக்கு ஏற்கெனவே அந்த வழி இருக்கிறது, கால் சவ்வில் பச்சை குத்துவது, வளையம் மாட்டுவது என்று. அதையே இங்கேயும் கொண்டுவந்தால் வளர்ப்பவரும் பிழைப்பார், டெக்ஸாஸ் பறவையும் பிழைக்கும்.

அதே நேரம் ஒன்றை அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும், வாத்துப் பிரியர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. வெளியே விடக் கூடாது என்ற விதி நூற்றுக்கு நூறு சரி. ஃப்ளோரிடாவில் எத்தனை குளக்கரைகளில் மஸ்கோவிக் கூட்டம் மேய்கிறது தெரியுமா? காட்டிலிருந்து அங்கே வந்தவை இல்லை அவை, யாரோ வளர்த்து, வேண்டாம் என்று கொண்டுவந்து விட்டவையும் அவற்றின் சந்ததியும்தான். இந்தப் பெட்டை முட்டையில் உட்கார்ந்தால் 35 நாள் அசையாது, கிட்டப் போனால் கொண்டை இறகைத் தூக்கிக்கொண்டு புஸ்ஸென்று சீறும், பத்துப் பன்னிரண்டு குஞ்சை ஒன்றாக இழுத்துக்கொண்டு நடக்கும், வருஷத்தில் ஒரு தடவையோடு நிற்கவும் நிற்காது. வளர்ப்பவருக்கு இதைவிட நல்ல தாய் கிடைக்காது. பூங்காவில் அதே குணம்தான் தொல்லை. அங்கே இருக்கும் மற்ற வாத்துகளோடு கலக்கும், வாத்து பிளேக் மாதிரி நோயும் கூடவே போகும். கால் விரலில் கூர்மையான நகம் வேறு, மரத்திலேயும் கூரையிலேயும் ஏறி உட்கார்ந்துவிடும், வேலி எல்லாம் இதற்கு ஒரு பொருட்டே இல்லை.

இப்படி விட்டுவிட்டவற்றின் கதி என்ன ஆகிறது என்பதற்கும் அதே 2010இல் ஒரு கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அந்த மூன்று டெக்ஸாஸ் கவுண்டிகளைத் தவிர நாட்டில் எங்கே இருந்தாலும், நிலத்தின் சொந்தக்காரரும் அரசு அமைப்புகளும் வெளியே திரியும் மஸ்கோவியைப் பிடிக்கலாம், கொல்லலாம், முட்டையையும் கூட்டையும் அழிக்கலாம். மத்திய அரசிடம் தனி அனுமதி வேண்டியதில்லை. பிடித்ததை மறுபடி வெளியே விட மட்டும் முடியாது. ஆக, பாவம் என்று இரக்கப்பட்டுக் குளத்தில் விடுகிறவர் அந்த வாத்தை நேராகச் சாவுக்குத்தான் அனுப்புகிறார்.

சரி, கையில் வாத்து இருக்கிறவர்கள் என்ன செய்வது? முதலில், வாங்கிய ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள், யாரிடம் எப்போது வாங்கினீர்கள் என்பது அதில்தான் இருக்கிறது. பண்ணைக்காரர் சொன்னார் என்று நம்பிவிடாமல், இன்றைய தேதியில் விதி எப்படி இருக்கிறது என்று உங்கள் பகுதிக்கான வலசைப் பறவை அனுமதி அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலைச் சேமித்து வையுங்கள். மாநிலச் சட்டமும் ஊர்ச் சட்டமும் தனி, இதைவிடக் கடுமையாகவும் இருக்கலாம். குஞ்சு வேண்டாம் என்றால் முட்டையைத் தினமும் எடுத்துவிடுங்கள், பெட்டை அடைகாக்க உட்காரும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலை, வைக்கோல் போருக்குப் பின்னால், படிக்கட்டுக்கு அடியில், இப்படி இருட்டான மூலையாகப் பார்த்துத்தான் அது தேர்ந்தெடுக்கும், தேடிப் பாருங்கள்.