கொல்லையில் போட்டால் மண்ணாகுமா?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். சமையலறையிலும் சாப்பாட்டு மேசையிலும் மண்ணைக் கெடுக்காத பொருட்களைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். கைவேலையை நிறுத்த வேண்டாம், வேலையைப் பார்த்தபடியே கேளுங்கள். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் மட்டும் கையில் இருக்கும் நாரை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். நான் ஆரம்பிக்கப் போவதே அதிலிருந்துதான்.

பச்சை நிறத்தில் சதுரமான நார். வாங்கின புதிதில் விறைப்பாக இருக்கும். மாதம் ஒன்று போனால் ஓரம் பிய்ந்து, நடுவில் இளைத்து, பாதியாகிவிடும். சரி, அந்த மீதிப் பாதி எங்கே போனது? நைலானும் பாலியெஸ்டருமாகச் சேர்ந்த இழை அது. துணுக்குத் துணுக்காக உதிர்ந்து, தொட்டிக் குழாய் வழியாகச் சாக்கடை, அங்கிருந்து வாய்க்கால், ஆறு என்று போயிருக்கிறது. எங்கே போனாலும் மக்காது.

கும்பகோணம் பக்கம் எங்கள் பாட்டி வீடு. கடையிலிருந்து என்ன புதுச் சாமான் வந்தாலும் பாட்டி கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். விலையைக் கேட்க மாட்டார். "இதைக் கொல்லையில போட்டா மண்ணாகுமா?" என்றுதான் கேட்பார். ஐம்பது வருடமாக அந்தக் கேள்வியைத்தான் நான் சுமந்துகொண்டு திரிகிறேன்.

ஆடிப் பட்டத்தில் பாட்டி வேலியோரம் பீர்க்கை விதைப்பார். இரண்டு மாதத்தில் காய் பறிக்கலாம். கூட்டு, துவையல், தோலில் ஒரு சட்னி என்று வாரா வாரம் நடக்கும். ஆனால் நல்ல நீளமான காயாகப் பார்த்து நாலைந்தின் காம்பில் பழைய வேட்டிக் கிழிசலைக் கட்டி வைத்துவிடுவார். துணி கட்டிய காயை வீட்டில் யாரும் தொடக் கூடாது. அது கொடியிலேயே முற்றி, மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் கையில் எடுத்தால் கனமே தெரியாத அளவுக்குக் காய்ந்துவிடும். குலுக்கினால் உள்ளே கலகலவென்று சத்தம். அந்தச் சத்தம் வந்தால்தான் பறிப்பார்.

அப்புறம் நடப்பதுதான் எனக்கு இன்றைக்கும் அதிசயம். காயின் நுனியில் சின்ன மூடி மாதிரி ஒன்று இருக்கும். அதைத் தட்டிவிட்டு முறத்தின் மேல் தலைகீழாகப் பிடித்தால், கறுப்பு விதைகள் பொலபொலவென்று கொட்டும். அடுத்த ஆடிக்கு விதை ஆச்சு. சாம்பலில் புரட்டிப் பானையில் போட்டு வைப்பார். காயைத் தண்ணீரில் ஊறப்போட்டால் தோல் உரிந்து வந்துவிடும். உள்ளே வலை வலையாக வெளுத்த நார். மூன்று துண்டாக நறுக்கினால் ஒன்று பாத்திரத்துக்கு, ஒன்று குளியலறைக்கு, ஒன்று மாற்றுக்கு. தேய்ந்து உழைத்து முடிந்ததும் வாழைத் தூரில் போட்டுவிடுவார். மண்ணாகிவிடும்.

நுரைப்பீர்க்கு என்று வரி இல்லாத வழவழப்பான வகை ஒன்று உண்டு. அதில் தோல் இன்னும் சுலபமாக வரும். இப்போது எங்கள் மாடியில் பெரிய பையில் அதைத்தான் வளர்க்கிறேன். கொடி இல்லாதவர்கள் தேங்காய் நாரைச் சுருட்டிக்கொள்ளலாம். இரும்புச் சட்டிக்கு அதுதான் எனக்குப் பிடிக்கும். ஒன்று சொல்லிவிடுகிறேன், பீர்க்கை நாரைத் தண்ணீரிலேயே போட்டு வைக்காதீர்கள், வாடை வரும். பிழிந்து வெயில் படுகிற இடத்தில் மாட்டிவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒரு சிட்டிகை கடலை மாவைத் தூவித் தேய்த்துவிட்டுப் பிறகு கழுவுங்கள். அது பிசுக்கை இழுத்துக்கொள்ளும்.

நாரிலேயே நேரம் போய்விட்டது, இலைக்கு வருகிறேன். வாழையிலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது இலை மாதிரி இருக்கிற இலையை. டிபன் கடையில் தட்டின் மேல் பச்சையாக ஒரு தாள் விரிப்பார்கள். நரம்புகூட அச்சடித்திருக்கும். சூடான பொங்கலை வைத்தாலும் கிழியாது. ஏன் கிழியவில்லை? மேலே மெல்லிசாக பிளாஸ்டிக் பூச்சு. தேநீர் குடிக்கிற காகிதக் கோப்பைக்குள்ளும் அதே கதைதான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த ஒருமுறைப் பொருட்களில் பூச்சு போட்ட கோப்பையும் இருக்கிறது, சாப்பாட்டு மேசை மேல் விரிக்கிற பிளாஸ்டிக் விரிப்பும் இருக்கிறது. கொல்லையில் போட்டால் மண்ணாகுமா என்று கேட்டுப் பாருங்கள். தாள் கரையும், பூச்சு கிடக்கும். இலை வாசனைக்கு வருகிற மாடு சோற்றோடு அதையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது. என்னால் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக முடிவதில்லை.

வாழையிலை கிடைக்காத இடத்துக்கும் நம்மவர்கள் வழி வைத்திருந்தார்கள். மந்தாரை இலையையும் புரச இலையையும் ஈர்க்கால் தைத்து, காயவைத்து, கட்டுக் கட்டாக அடுக்கிப் பரணில் வைப்பார்கள். தையல் இலை என்போம். சாப்பிடும் முன் தண்ணீர் தெளித்தால் விறைப்பு தளர்ந்துவிடும். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலையை விரித்து மாவை ஊற்றித்தான் இட்லி அவிக்கிறார்கள். மிளகு, சுக்கு வாசனையோடு இலை வாசனையும் சேர்ந்து வரும். சாப்பிட்டவர்களுக்குத் தெரியும்.

கடைக்குப் போகும்போது தூக்குவாளியை எடுத்துப் போங்கள். போன மாதம் சாம்பார் வாங்க நான் தூக்கோடு போய் நின்றேன். கல்லாவில் இருந்தவர், "அம்மா, இதைப் பார்த்து எத்தனை வருஷமாச்சு!" என்று சொல்லி ஒரு கரண்டி கூடவே ஊற்றினார். கொதிக்கிற சாம்பாரை மெல்லிசுப் பையில் கட்டித் தொங்கவிட்டு வருவதை நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

கல்சட்டியைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான். முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். மாக்கல்லில் குடைந்த சட்டி அது. வாங்கியதும் நேராக அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள், விரிசல் விட்டுவிடும். விளக்கெண்ணெயும் மஞ்சள்தூளும் குழைத்து உள்ளும் புறமும் பூசி ஒரு நாள் வைத்துக் கழுவுங்கள். அடுத்தடுத்த நாட்களில் சூடான கஞ்சியை ஊற்றி ஊற்றிப் பழக்குங்கள். அதற்குப் பிறகும் சிறு தீயில்தான் ஆரம்பிக்க வேண்டும். குழம்பு கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள், இறக்கிய பிறகும் அது கொதித்துக்கொண்டே இருக்கும். பீர்க்கை விதை வேண்டுபவர்கள் நிலையத்துக்கு எழுதுங்கள், கொடுத்து அனுப்புகிறேன். வணக்கம்.