‘ஏ பிளஸ் பிளஸ்’ எப்படி ‘ஈ’ ஆனது?

அடுத்த கேள்வி, சுன்னாகத்திலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். ஜேர்மனியில் இருக்கும் அவருடைய தம்பியின் பழைய குளிர்சாதனப் பெட்டியில் ‘ஏ பிளஸ் பிளஸ்’ என்று இருந்ததாம். இப்போது விலை கூடிய புதியது வாங்கினால் லேபிளில் ‘ஈ’ என்று இருக்கிறதாம். “தம்பி ஏமாந்துவிட்டாரா? நாங்களும் இங்கே ஒன்று வாங்கப் போகிறோம், எதைப் பார்த்து வாங்குவது?”

ஏமாறவில்லை அக்கா. மின்சாரச் சிக்கனத்தைக் காட்டும் அந்த லேபிளின் அளவுகோலை ஐரோப்பாவில் மாற்றிவிட்டார்கள். முதலில் ஏ (ஆகச் சிக்கனம்) முதல் ஜீ (ஆக மோசம்) வரைதான் இருந்தது. பொருட்கள் திருந்தத் திருந்த ஏ-க்கு மேலே ஒரு பிளஸ், பிறகு இரண்டு, பிறகு மூன்று என்று ஒட்டிக்கொண்டே போனார்கள். 2012 நடுப்பகுதிக்குப் பிறகு ஏ பிளஸுக்குக் கீழான வழக்கமான குளிர்சாதனப் பெட்டியைப் புதிதாகச் சந்தைக்குக் கொண்டுவரவே முடியாமல் போனது. கடையில் ஆக மோசமானதும் ஏ பிளஸ்! வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் முதலாம் பிள்ளை என்றால் அந்தத் தேர்ச்சி அறிக்கையால் என்ன பயன்?

அதனால் 2021 மார்ச் 1 முதல் பிளஸ்களை எடுத்துவிட்டு, மறுபடி ஏ முதல் ஜீ வரை என்று ஆக்கினார்கள். இனி வரப்போகும் பொருட்களுக்காக ஏ வகுப்பை வேண்டுமென்றே வெறுமையாக விட்டார்கள். விற்பனையில் 30 சதவீதத்துக்கு மேல் ஏ-க்கு வந்துவிட்டால் அளவுகோலை மீண்டும் ஆராய வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது.

இங்கே விற்கும் இந்தியத் தயாரிப்புகளில் நட்சத்திர லேபிளைப் பார்த்திருப்பீர்கள்; நட்சத்திரம் கூடக் கூடச் சிக்கனமும் கூட. அதற்கும் ஆயுள் உண்டு, எந்தத் திகதி முதல் எதுவரை என்று லேபிளிலேயே அச்சிட்டிருப்பார்கள். 2022 ஜூலையில் இந்தியாவில் அறைக் குளிரூட்டிகளுக்கான (ஏசி) அளவை இறுக்கியபோது, முதல் நாள் வரை ஐந்து நட்சத்திரமாக இருந்தவை நான்கு நட்சத்திரத்துக்கு இறங்கின. ஆகவே பழைய சரக்கின் ஐந்தைக் காட்டிக் கடைக்காரர் கதை சொன்னால், திகதியைக் காட்டச் சொல்லுங்கள்.

அதைவிட முக்கியம், லேபிளில் இருக்கும் வருடத்துக்கு எத்தனை கிலோவாட் மணி என்ற எண். ஒரு கிலோவாட் மணி என்பது எங்கள் மின்பட்டியலில் ஓர் அலகு. 240 என்று இருந்தால் மாதம் 20 அலகு. சித்திரை வெயிலில் எங்கள் குசினிக்குள் அது இன்னும் கூடும். ஐரோப்பியச் சோதனையில் 16 பாகை, 32 பாகை இரண்டிலும் அளந்துதான் கணக்கெடுக்கிறார்கள். 16 பாகையை நாங்கள் நுவரெலியாவுக்குப் போனால்தான் காணலாம்.

இந்த எண்ணைச் சும்மா நினைக்காதீர்கள். இலங்கையின் வீட்டு மின்கட்டணத்தில் மாதம் 60 அலகைத் தாண்டினால் முதல் 30 அலகுக்குக் கிடைத்த குறைந்த விலையும் போய்விடும். 55 அலகில் நிற்கும் வீட்டுக்குக் கூடுதலாக வரும் பத்து அலகு, வெறும் பத்து அலகின் காசு அல்ல.

இன்னொன்று, வகுப்பும் நட்சத்திரமும் பெட்டியின் கொள்ளளவைக் கணக்கில் எடுத்தே வழங்கப்படுகின்றன. பெரிய ஐந்து நட்சத்திரப் பெட்டி, சிறிய மூன்று நட்சத்திரப் பெட்டியைவிடக் கூட மின்சாரம் இழுக்கலாம். வீட்டில் இரண்டு பேர்தான் என்றால் இரட்டைக் கதவுப் பெட்டியின் பக்கம் போகாதீர்கள். தம்பிக்கும் சொல்லுங்கள், லேபிளின் மேல்மூலையில் இருக்கும் கியூஆர் குறியீட்டைத் தொலைபேசியில் பிடித்தால் அந்த மாதிரியின் முழு விபரமும் வரும்.