ஏர் பிடித்த அப்பாவும் பின்னால் ஓடிய பையனும்

நேயர்களுக்கு வணக்கம். அப்பாவைப் பற்றிக் கவிதை என்றாலே தியாகம், தெய்வம், வியர்வை என்று நாலு பெரிய சொல்லைப் போட்டு முடித்துவிடுகிறோம். அந்த மனிதர் என்ன வேலை செய்தார், எப்படிச் செய்தார் என்று ஒரு வரிகூட இருக்காது. எனக்கு அதில்தான் குறை. அதனால் இன்றைக்கு அயர்லாந்துக் கவிஞர் ஷேமஸ் ஹீனியின் ‘ஃபாலோயர்’ (பின்தொடர்பவன்) கவிதையைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

ஹீனி 1939-இல் வட அயர்லாந்தின் டெர்ரி பகுதியில் மாஸ்பான் என்ற பண்ணையில் பிறந்தவர், ஒன்பது பிள்ளைகளில் மூத்தவர். அப்பா பேட்ரிக்குக்கு விவசாயம், கூடவே மாட்டு வியாபாரம். 1995-இல் நோபல் பரிசெல்லாம் வந்தது பிற்பாடு. இந்தக் கவிதை 1966-இல் வெளிவந்த முதல் பெரிய தொகுப்பிலேயே இருக்கிறது.

அப்பா குதிரை ஏர் ஓட்டுகிறார். கொழுவைப் பொருத்தி மேழியைப் பிடித்தால் மண் உடையாமல் அப்படியே புரண்டு விழுகிறது, நாக்கைச் சொடுக்கினால் குதிரைகள் முக்கி இழுக்கின்றன, வயல் கோடிக்குப் போனதும் கடிவாளத்தை ஒரே ஒரு சுண்டு, வியர்த்துப்போன குதிரைகள் திரும்பி மறுபடி சாலுக்குள் இறங்கிவிடுகின்றன, அவரோ கண்ணை இடுக்கித் தரையைப் பார்த்து அடுத்த சாலுக்குக் கணக்குப் போடுகிறார். இவ்வளவையும் பார்த்த பையன் கொடுக்கிற பட்டம் ஒன்றே ஒன்று: வேலையில் தேர்ந்தவர். வேறு புகழ்ச்சியே இல்லை பாருங்கள். தானும் பெரியவனாகி ஒரு கண்ணை மூடி, கையை விறைப்பாக வைத்து உழ வேண்டும் என்பதுதான் அவனுக்கு ஆசை. ஆனால் செய்ததெல்லாம் அப்பாவின் நிழலுக்குப் பின்னால் தடுக்கி விழுந்துகொண்டு ஓடியதுதான்.

அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஹேடனும் தன் அப்பாவைப் பற்றி ஒரு கவிதையில் இப்படித்தான் எழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகூட இருட்டோடு எழுந்து, வெடித்த கைகளால் வீட்டுக்குக் கணப்பு மூட்டுகிற அப்பா, பிள்ளையின் நல்ல ஷூவுக்குப் பாலிஷும் போட்டு வைத்திருப்பார். ஆனால் யாரும் அவருக்கு நன்றி சொன்னதில்லை, வீட்டுக்குள் கோபதாபங்களும் உண்டு, பையனுக்குப் பயமும் உண்டு. அதையும் மறைக்காமல் எழுதினார்.

சரி, ஹீனிக்கு வருவோம். கடைசி வரிகளில் எல்லாம் தலைகீழாகிறது. இப்போது தடுமாறிக்கொண்டு பின்னால் வருபவர் அப்பா, விட்டுப் போகவும் மாட்டேன் என்கிறார். பெற்ற தகப்பனை இப்படியா எழுதுவது என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் சின்ன வயதில் தொந்தரவு செய்தது நான்தான், வாய் ஓயாமல் கத்திக்கொண்டே பின்னால் போனேன் என்று முதலில் எழுதியதும் அதே பிள்ளைதானே. அப்புறம் இன்னொன்று, பேட்ரிக் ஹீனி 1986 வரை உயிரோடு இருந்தார். ஆக, புத்தகம் அப்பா கைக்குப் போய்ச் சேரக்கூடும் என்று தெரிந்தேதான் அந்த வரிகளை அச்சுக்குக் கொடுத்திருக்கிறார்.