கண்ணாடிக்குள் நுழையாத வெயில்

நேயர்களுக்கு வணக்கம். தென்னாப்பிரிக்காவில், நம் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வீட்டுக்குள் ஆமை வளர்ப்பவர்களோடுதான் இன்று பேச விரும்புகிறேன்.

கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு ஓடும் அந்தக் குட்டி, அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து ஆமை. வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கும். பெண் ஆமையோ 25, 30 சென்டிமீட்டர்வரை வளரும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 30 ஆண்டுகூட வாழும். பிள்ளை படித்து, கல்யாணமாகிப் போன பிறகும் அது உங்களோடுதான் இருக்கும்.

ஜன்னலோரம் தொட்டியை வைத்துவிட்டு, "வெயில்தான் படுகிறதே" என்கிறார்கள். வெளிச்சம் படுகிறது, உண்மைதான். ஆனால் ஆமைக்கு வேண்டிய புற ஊதாக் கதிரைச் சாதாரணக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி உண்டாகும். அது இல்லாவிட்டால் தின்னும் சுண்ணாம்புச் சத்து உடம்பில் ஒட்டாது. ஓடு மெத்தென்று ஆகும், வளையும். டர்பனில் வெயிலுக்கா பஞ்சம்? முற்றத்தில் அகலமான தொட்டி வையுங்கள். ஏறிக் காய ஒரு கல்லும், ஒதுங்கப் பாதி நிழலும் அவசியம். நிழலில்லாத தொட்டியில் தண்ணீர் கொதித்து ஆமை செத்துவிடும். ஃப்ளாட்டில் இருப்பவர்கள் புற ஊதா விளக்குப் போட்டே ஆக வேண்டும்.

காய்ந்த இறாலை மட்டும் போட்டு வளர்த்தால் வைட்டமின் ஏ குறைந்து கண் வீங்கும். கீரையும் கொடுங்கள். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சால்மொனெல்லாக் கிருமி சின்னப் பிள்ளைகளைப் படுத்திவிடும். 1975-இல் அமெரிக்காவே நாலு அங்குலத்துக்குக் குறைந்த குட்டிகளை விற்கத் தடை போட்டது இதனால்தான்.

வளர்க்க முடியவில்லை என்று உம்லதுசானா ஆற்றிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள். புண்ணியம் என்று நினைத்துச் செய்தாலும் அது குற்றம். அயல் நாட்டிலிருந்து வந்து பரவும் உயிர்களின் அரசுப் பட்டியலில் இந்த ஆமையும் இருக்கிறது. காய்வதற்கான இடத்துக்கும் இரைக்கும் நம் சொந்த டெர்ரபினோடு, அதாவது இந்த ஊர் நன்னீர் ஆமையோடு, அது போட்டி போடும். மழைக்குப் பின் ரோட்டோரக் குட்டையில் தலையைப் பக்கவாட்டில் மடக்கிக்கொண்டு கிடக்குமே, அதுதான் நம்முடையது. பாவம் என்று அதை வீட்டுக்கு எடுத்து வராதீர்கள்; அதை வளர்க்க, நம் மாகாணத்தின் வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பான எஸெம்வேலோவின் அனுமதி வேண்டும்.

வைத்துக்கொள்ள முடியாதவர்கள் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்துக்கோ, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவருக்கோ முதலில் ஒரு போன் போடுங்கள்.