ஆரியுஸ் கேட்டது நியாயமான கேள்விதான்

(கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், திரித்துவ ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதின் எழுத்து வடிவம்)

சபையாருக்கும், நம்மோடு வந்து உட்கார்ந்திருக்கும் பிற சமய நண்பர்களுக்கும் வணக்கம்.

இந்த ஊரில் வேலை பார்க்கும் கிறிஸ்தவத் தமிழருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மலாய் நண்பர் கேட்பார்: "உங்களுக்கு மூன்று கடவுளா?" தீபாவளிக்குப் போனால் இந்துவான சித்தப்பா, "எங்கள் மும்மூர்த்தி மாதிரிதானே?" என்று நமக்கு உதவ வருவார். இரண்டுக்கும் பதில் "இல்லை". கடவுள் ஒருவரே, அவர் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூவராய் இருக்கிறார் என்பதுதான் நம் திரித்துவ உபதேசம். அதை எப்படி விளக்குகிறோம்? தண்ணீர், ஐஸ், நீராவி என்று ஆரம்பித்துவிடுகிறோம். ஞாயிறு பள்ளியில் படித்தது!

அந்த உவமையை இன்றோடு விட்டுவிடுங்கள். ஒருவரே மூன்று வேடம் போடுகிறார் என்றுதான் அதற்கு அர்த்தம். 3ஆம் நூற்றாண்டில் ரோமில் சபேலியுஸ் இப்படிப் போதித்தார். திருச்சபை அதைத் தள்ளியது. பிதாவே குமாரனாக மாறினார் என்றால், இயேசு யோர்தானில் ஞானஸ்நானம் பெற்றபோது வானத்திலிருந்து பேசியது யார்? கெத்செமனேயில் அவர் யாரிடம் ஜெபித்தார்?

முதல் விசுவாசிகள் யூதர்கள். "நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்" என்று அறிக்கையிட்டு வளர்ந்தவர்கள். அவர்களே இயேசுவைக் கர்த்தர் என்று அழைத்தார்கள், அவரிடம் ஜெபித்தார்கள். இரண்டில் ஒன்றையும் விட அவர்கள் தயாராக இல்லை. திரித்துவ உபதேசம் பிறந்தது அந்த இழுபறியில்தான். யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தது அல்ல.

எகிப்தின் அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்ற சபை மூப்பர் இருந்தார். நம் பிரசங்கங்களில் அவரை வில்லனாக்கிவிட்டோம். ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. குமாரன் பிறந்தவர் என்றால், அவர் இல்லாத நிலை ஒன்று இருந்திருக்க வேண்டுமே? "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" என்று இயேசுவே சொல்லவில்லையா? ஆகவே குமாரன் படைப்புகளில் தலைசிறந்தவர், ஆனாலும் படைப்பே என்றார். ஒரே கடவுளைக் காப்பாற்றத்தான் அவர் இதைச் சொன்னார்.

பின்னாளில் அதே நகரத்தின் ஆயரான அத்தனாசியுஸ் விடவில்லை. குமாரன் இல்லாத நிலை இருந்திருந்தால், அப்போது பிதா பிதாவாகவே இருந்திருக்க முடியாதே! தவிர, படைப்பு ஒன்று நம்மைக் கடவுளோடு சேர்க்க முடியுமா? படைப்பை வணங்கினால் அது விக்கிரக ஆராதனை அல்லவா?

இந்தச் சண்டையைத் தீர்க்க 325இல் நிசேயாவில் ஆயர்கள் கூடினார்கள். இன்றைய துருக்கியின் இஸ்னிக் நகரம் அது. "ஜோதியில் ஜோதி, மெய்த்தேவனில் மெய்த்தேவன்" என்று குமாரனைப் பற்றி நாம் விசுவாசப் பிரமாணத்தில் சொல்வது அங்கே பிறந்ததுதான். சரி, அதோடு முடிந்ததா? இல்லை. பேரரசர்கள் மாற மாறக் காற்றும் மாறியது. அத்தனாசியுஸ் 5 முறை நாடு கடத்தப்பட்டார். கான்ஸ்டான்டினோபிளில் சில்லறை கேட்டால் பிறந்தவரா, பிறவாதவரா என்று பாடம் எடுக்கிறார்கள், ரொட்டி விலை கேட்டால் பிதா பெரியவர் என்கிறார்கள் என்று அக்கால ஆயர் நீசாவின் கிரகோரி சலித்துக்கொள்கிறார். நம் கோப்பிக்கடைகளில் பந்துக்கு மட்டும்தான் இவ்வளவு சண்டை! பரிசுத்த ஆவியானவர் பிதாவோடும் குமாரனோடும் ஆராதிக்கப்படுகிறவர் என்பதை 381ஆம் ஆண்டு கூடிய ஆயர்களின் சங்கம் உறுதி செய்தது.

இப்போது சித்தப்பாவுக்கு வருவோம். படைத்தல், காத்தல், அழித்தல் என்று தொழில் பிரித்துக்கொண்ட மூவராக நாம் திரித்துவத்தைச் சொல்வதில்லை. பிதா, குமாரன் மூலமாக, ஆவியில் படைக்கிறார், மீட்பதும் அப்படியே. மூவருக்கும் சித்தம் ஒன்று, வல்லமை ஒன்று. பிதா பெற்றவர், குமாரன் பிறந்தவர், ஆவி புறப்படுகிறவர். வேறுபாடு இந்த உறவில் மட்டுமே.

"தேவன் அன்பாகவே இருக்கிறார்" என்கிறார் யோவான். உலகமே இல்லாதபோது அவர் யாரிடம் அன்பு வைத்தார்? வட ஆப்பிரிக்க ஆயரான அகுஸ்தீன் இந்த இடத்தில்தான் அன்புசெய்பவர், அன்புசெய்யப்படுபவர், அன்பு என்று யோசிக்கத் தொடங்குகிறார். தம் நூலில் அவரே அதைப் போதாது என்று கடந்தும் போகிறார். ஆனாலும் ஐஸ் கட்டியைவிட இது எவ்வளவோ மேல்.

ஆவி பிதாவிடமிருந்து மட்டும் புறப்படுகிறாரா, குமாரனிடமிருந்துமா என்று கிழக்குச் சபையும் மேற்குச் சபையும் முட்டிக்கொண்ட கதையை நான் தொடவில்லை. அதற்குத் தனியாக ஒரு மாலை வேண்டும். இப்போது உங்கள் கேள்விகளைக் கேளுங்கள். ஆரியுஸ் பக்கம் நின்று கேட்டாலும் பரவாயில்லை.