ஐம்பது டாலர் யார் பைக்குப் போனது?

நடுவர் அவர்களே, எதிரணியில் உட்கார்ந்து இன்னும் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

'பழைய ஹாலிவுட் போஸ்டர் ஓவியன் படத்துக்குத் தோழனா, துரோகியா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அம்மையார், 1949ல் ஆர்.கே.ஓ. கம்பெனி வெளியிட்ட 'தி செட்-அப்' படத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். "படம் கறுப்பு வெள்ளை, போஸ்டர் கலர். படம் ஒரு நொடித்துப்போன குத்துச்சண்டைக்காரனின் கதை, போஸ்டர் விற்பதோ புருஷன் பெண்டாட்டி சண்டை. இது துரோகம் இல்லையா?" என்று கேட்டார், கைதட்டல் வாங்கினார். நானும்தான் தட்டினேன். ஆனால் சாட்சியைப் பாதி விசாரணையிலேயே இறக்கிவிட்டார். மீதியை நான் கேட்டுவிடுகிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. ஸ்டோக்கர் தாம்ப்சனுக்கு வயது 35. அந்தத் தொழிலில் அது கிழட்டு வயது. பாரடைஸ் சிட்டி என்ற ஊரில், ஓர் இளவட்டத்தோடு நான்கு ரவுண்டு மோத வேண்டும். ஸ்டோக்கரின் மேனேஜர் டைனி, சூதாட்டக் கும்பலிடம் 50 டாலர் வாங்கிக்கொண்டு, 'எங்கள் ஆள் விழுந்துவிடுவான்' என்று வாக்குக் கொடுத்துவிடுகிறான். கொடுத்தவன் அதை ஸ்டோக்கரிடம் சொல்லவே இல்லை! எப்படியும் தோற்கப் போகிறவன்தானே, அவனுக்கு எதற்குப் பங்கு என்று கணக்கு. ஸ்டோக்கர் பாவம், வேறு யாரோ விற்றுவிட்ட சண்டையை நிஜச் சண்டை என்று நினைத்துப் போடுகிறான். கடைசி ரவுண்டு நெருங்கும்போது விஷயம் தெரிகிறது. தெரிந்தும் விழாமல் நின்று ஜெயிக்கிறான். அதற்குக் கூலியாக, சந்தில் மடக்கிப் பிடித்து அவன் கையை நசுக்கிவிடுகிறார்கள்.

நடுவர் அவர்களே, இந்தக் கதையில் துரோகி யார்? விலை பேசியவனா, வளையத்துக்குள் இறங்கி அடி வாங்கியவனா?

போஸ்டர் ஓவியனும் இப்படித்தான் இறங்கினான். விளம்பரப் பிரிவு அவன் மேஜையில் சில ஸ்டில் போட்டோக்களை வைக்கும். யார் முகம் பெரிசு, யார் பெயர் எத்தனை பெரிய எழுத்தில் என்பதெல்லாம் அதற்கு முன்பே பேசி முடிந்திருக்கும். மேற்கொண்டு அவனுக்குக் கிடைப்பது 27 அங்குல அகலமும் 41 அங்குல உயரமும் உள்ள ஒரு தாள். 'ஒன் ஷீட்' என்பார்கள். அதுதான் அவனுடைய வளையம்.

அம்மையாருக்கு எரிச்சல் மூட்டிய அந்த வாசகத்தைத் தமிழில் சொல்கிறேன்: 'எனக்கு வேண்டியது ஒரு ஆம்பளை, குத்து வாங்கும் மூட்டை இல்லை!' சரி, மட்டமான வாசகம்தான். ஆனால் அதை எழுதுவது விளம்பர இலாகாவின் பேனா, ஓவியனின் தூரிகை இல்லை. அப்புறம், அது முழுப் பொய்யும் இல்லை. ஸ்டோக்கரின் மனைவி ஜூலிக்கு அவன் அடி வாங்குவதைப் பார்க்கச் சகிக்காது. கையில் டிக்கெட் இருந்தும் அரங்கத்துக்குப் போகாமல் ராத்திரித் தெருக்களில் சுற்றுகிறாள். கடைசியில் ஒரு பாலத்தின் மேல் நின்று டிக்கெட்டைச் சுக்குநூறாகக் கிழித்து, கீழே ஓடுகிற டிராம்கள் மேல் பறக்கவிடுகிறாள். அங்கே ஸ்டோக்கர், அவளுடைய காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே குத்து வாங்குகிறான். ஸ்டோக்கராக நடித்த ராபர்ட் ரயன் டார்ட்மத் கல்லூரியில் ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்தவர், அதனால் குத்தெல்லாம் நிஜமாகவே விழுகிற மாதிரி இருக்கும். இருந்தாலும் எனக்கு மறக்காதது அந்தக் காகிதத் துண்டுகள்தான். நான் தூரிகை பிடித்திருந்தால் அந்தப் பாலத்தைத்தான் வரைந்திருப்பேன். அன்றைக்கே என் கணக்கை முடித்து வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

அடுத்து, கலர் குற்றச்சாட்டு. இயக்குநர் ராபர்ட் வைஸுக்கு என்ன வசதி இருந்தது என்று பாருங்கள். கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, 72 நிமிடம் நம்மை உட்கார வைக்கிறார். படத்தில் கடிகாரம் 9.05 காட்டும்போது கதை தொடங்குகிறது, 10.16க்கு முடிகிறது. பின்னணி இசைகூட வேண்டாம், தெருவில் கேட்கிற சத்தமே போதும் என்று துணிகிறார். ஓவியனுக்குக் கிடைப்பதோ பஸ்ஸுக்கு ஓடுகிறவன் ஒரு தடவை கழுத்தைத் திருப்புகிற நேரம். அவனிடம் போய், ஏன் சிவப்பு போட்டாய், ஏன் மஞ்சள் போட்டாய் என்று கேட்டால் எப்படி?

படம் உத்தமம், போஸ்டர்தான் கெட்டது என்கிறார்களே, அந்தப் படத்தின் பூர்வீகத்தையும் கொஞ்சம் கிளறுவோம். ஜோசப் மன்கியூர் மார்ச் என்ற கவிஞர் 1928ல் எழுதிய நெடுங்கவிதைதான் மூலம். அதன் நாயகன் பான்சி ஜோன்ஸ் ஒரு கறுப்பின வீரன். நிறவெறிதான் அந்தக் கவிதையின் முதுகெலும்பு. படம் எடுத்தவர்கள் அவனை வெள்ளைக்காரன் ஆக்கிவிட்டார்கள். ஜேம்ஸ் எட்வர்ட்ஸ் என்ற அருமையான கறுப்பின நடிகர் இருந்தும் அவருக்கு உடைமாற்றும் அறையில் ஒரு சின்ன வேடம். எனக்கு மிகவும் பிடித்த படம், ஆனாலும் சொல்கிறேன்: போஸ்டர் ஒட்டுவதற்கு ரொம்ப முன்னாலேயே ஒரு முகம் மாற்றப்பட்டுவிட்டது. அந்தப் பழியையும் ஓவியன் தலையில் கட்டிவிடாதீர்கள்.

கடல் தாண்டி ஐரோப்பாவுக்கு வாருங்கள். இதே படத்துக்கு இத்தாலியில் வைத்த பெயரின் பொருள் 'இன்றிரவு நானும் ஜெயித்தேன்'. பிரான்சில் 'இன்றிரவு நாம் ஜெயித்தோம்'. இரண்டுமே கடைசிக் காட்சியில், கை உடைந்து கிடக்கும் ஸ்டோக்கரும் ஜூலியும் பேசிக்கொள்வதிலிருந்து எடுத்தவை. ஐயா, கிளைமாக்ஸைச் சுவரிலேயே ஒட்டிவிட்டார்கள்! இதற்கு மேல் ஒரு போஸ்டர் என்ன உண்மை பேச வேண்டும்? அந்தக் காலத்து ரோமில் பாலெஸ்டெர், கபிடானி, மார்ட்டினாட்டி என்ற மூன்று ஓவியர்கள் 1945ல் சேர்ந்து ஒரு கூடமே நடத்தினார்கள். வரைந்ததில் கையெழுத்தும் போட்டார்கள். அதனால் இன்று அவர்களைக் கலைஞர்கள் என்கிறோம். அதே வேலையை ஹாலிவுட்டில் செய்தவனைத் துரோகி என்கிறோம். பெயர் தெரியாதவனைத் திட்டுவது சுலபம், வழக்குப் போட மாட்டான் பாருங்கள்!

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். இந்தப் படத்திலும் மணி அடிப்பவராக வீஜீ வருகிறார், நியூயார்க்கின் ராத்திரிகளை நிழற்படமாக எடுத்துத் தள்ளியவர். அவர் அடித்தாலும் நீங்கள் அடித்தாலும் மணி மணிதான், முடித்துக்கொள்கிறேன்.

எதிரணி நண்பர்கள் அந்தக் காலத்து அமெரிக்க போஸ்டர் ஒன்றைக் கையில் எடுத்து அடி ஓரத்தைப் படிக்க வேண்டும். பொடி எழுத்தில் ஒரு வாசகம் இருக்கும்: இது (போஸ்டர்களை விநியோகித்த) நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் நிறுவனத்தின் சொத்து, படம் ஓடி முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். படத்தில் நடித்தவர்கள் பெயர் இருக்கும், இயக்கியவர் பெயர் இருக்கும், தாள் யாருடைய சொத்து என்பதுகூட இருக்கும். வரைந்தவன் பெயரைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் அடுத்த சுற்றில் எனக்குச் சொல்லுங்கள்.